டேலி சர்வர் மாத்தறது, பேக்கப் எடுக்கறது: திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி, டையிங், நூல் மில்லுன்னு கொஞ்சம் ஆபீஸுகளுக்கு சர்வர் பாத்துக்கறது நம்ம பொழப்பு. போன் பண்ற ஆளுதான் மாறுவாங்க, கேள்வி மாறாது. மார்ச் வந்தா ஒரு பத்து பேரு, புது சர்வர் வாங்கின வாரத்துல ஒருத்தரு, கரண்டு போயி வந்த அன்னிக்கு ரெண்டு பேரு. அதனால ஒரே தடவையா எழுதி வெச்சுட்டேன், இனிமே வாட்ஸப்புல லிங்க் அனுப்பிட்டு சாப்பிடப் போயிடலாம். முக்கால்வாசி டேலிபிரைம்ங்கற கணக்கு சாஃப்ட்வேர் பத்தி, கடைசில எஸ்க்யூஎல் சர்வர்ங்கற டேட்டாபேஸ்ல ஓடற ஈஆர்பி (கம்பெனி வேலை பூரா பாக்கற சாஃப்ட்வேர்) பத்தியும் கொஞ்சம் இருக்கு.

அண்ணா, பேக்கப் எடுக்கறதும் சர்வர் மாத்தறதும் ஒன்னுதானுங்களே? காப்பி பண்ணி அங்க போட்டா முடிஞ்சுது?

பாதி ஒன்னுதான். பேக்கப்புங்கறது கணக்கு மட்டும். சர்வர் மாத்தறப்போ கணக்கு கூடவே லைசென்ஸ், பில் ஃபார்மேட்டுக்கு எழுதி வாங்கின டிடிஎல், செட்டிங்ஸ் இருக்கற டேலி.ஐஎன்ஐ ஃபைலு, பிரிண்டர், ஷேர் பண்ணின ஃபோல்டர் பர்மிஷன், ஒவ்வொரு சீட்டுலயும் (ஆளுங்க வேலை பாக்கற கம்ப்யூட்டர்) இருக்கற ஷார்ட்கட், இத்தனையும் போகணும். டேட்டாவை பத்து நிமிஷத்துல கொண்டுபோயிடலாம், மிச்சத்துக்குத்தான் ரெண்டு நாள் ஆகும்.

டேலி ஐகானை பென்டிரைவ்ல போட்டு வெச்சிருக்கேன், அது பேக்கப் ஆகுமா?

சிரிக்காதீங்க, இதை நிஜமாவே ரெண்டு பேரு கேட்டிருக்காங்க. ஐகான்ங்கறது கதவுல மாட்டின பேர்ப்பலகை மாதிரி, அதை கழட்டிட்டு வந்தா வீடு கூட வராது. டேலி ஒவ்வொரு கம்பெனிக்கும் டேட்டா ஃபோல்டருக்குள்ள வெறும் நம்பர் பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு வெச்சிருக்கும், உங்க கணக்கு பூரா அதுக்குள்ளதான். கம்பெனி செலக்ட் பண்ற ஸ்கிரீன்ல பேருக்கு பக்கத்துலயே அந்த நம்பர் தெரியும். எந்த டிரைவ்ல இருக்குன்னும் அங்கயே பாத்துக்கலாம். ஒரு பேப்பர்ல கம்பெனி பேரு, நம்பர், பாத் மூனையும் எழுதி சர்வர் மேல ஒட்டி வைங்க, ஆயுத பூஜைக்கு பொட்டு வைக்கறப்போ அது மேல வெச்சுடாதீங்க.

ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணா ஆகாதா? எதுக்கு டேலிக்குள்ள போயி ஆல்ட் ஒய் அமுக்கி பேக்கப் எடுக்கணும்?

ரெண்டும் செல்லும், ஆனா ரெண்டுக்கும் ஒரே கண்டிஷன், அந்த கம்பெனியை யாரும் தொறந்து வெச்சிருக்கக் கூடாது. ஒருத்தர் வவுச்சர் சேவ் பண்ணிட்டு இருக்கறப்போ நீங்க காப்பி போட்டா, ஒரு ஃபைல் சேவுக்கு முந்தி இருந்த மாதிரி, இன்னொரு ஃபைல் சேவுக்கு அப்புறம் இருக்கற மாதிரி வந்து மாட்டிக்கும். காப்பி முடிஞ்சதுன்னு விண்டோஸ் சொல்லிரும், ஆறு மாசம் கழிச்சு அதை தொறக்கறப்பதான் மெமரி ஆக்சஸ் வயலேஷன்னு எரர் வரும்.

நான் தினசரி பேக்கப்புக்கு டேலிக்குள்ள இருந்தே எடுக்கச் சொல்வேன், ஒரே ஃபைலா சுருக்கிக் குடுக்கும், கம்பெனி பாத்து செலக்ட் பண்ணலாம். சர்வர் மாத்தற அன்னிக்கு மட்டும் ரெண்டும் எடுப்பேன். ஒன்னு வேலை செய்யலைன்னா இன்னொன்னு இருக்கட்டுமேன்னுதான்.

நாங்கதான் தினமும் சாயங்காலம் பென்டிரைவ்ல எடுக்கறமே, அதுக்கு மேல என்ன?

அந்த பென்டிரைவை எடுத்த அப்புறம் உருவறீங்களா? அதான் கேள்வி. ஒரு ஆபீஸ்ல ஹார்டுடிஸ்க்கை சர்வருக்குப் பின்னாடி டேப் போட்டே ஒட்டி வெச்சிருந்தாங்க, யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு. ரான்சம்வேர் (ஃபைலை பூட்டிட்டு காசு கேக்கற வைரஸ்) வந்த அன்னிக்கு காலைல சர்வர்ல இருந்த எல்லா ஃபைலுக்கும் பின்னாடி புதுசா ஒரு வாலு மொளச்சிருந்துது, அந்த டிஸ்க்குல இருந்த முன்னூத்தி சொச்சம் பேக்கப்புக்கும் அதே வாலு. மொதலாளி கார்ல கெடந்த பழைய பென்டிரைவ்ல ஏழு வாரத்துக்கு முந்தின காப்பி ஒன்னு இருந்துது, அதுல இருந்து ஆரம்பிச்சு பில் புக்கை வெச்சு மூனு பொண்ணுங்க உக்காந்து திரும்ப எண்ட்ரி போட்டாங்க.

கணக்கு சிம்பிள். மூனு காப்பி, ரெண்டு விதமான மீடியா, ஒன்னாவது ஆபீஸுக்கு வெளிய. வெளியன்னா மொதலாளி வீட்டு பீரோவா இருந்தாலும் சரி, கிளவுடா இருந்தாலும் சரி, சர்வர்ல இருந்து தொட முடியாத எடமா இருக்கணும். ரெண்டு டிஸ்க் வாங்கி வாரம் ஒன்னா மாத்துங்க, போதும்.

கூகுள் டிரைவ் இருக்கு, டேட்டா ஃபோல்டரையே அதுக்குள்ள வெச்சுட்டா தானா பேக்கப் ஆயிடுமே?

தயவுசெஞ்சு வேணாம். ஓடிட்டு இருக்கற டேட்டாவை சிங்க் ஃபோல்டர்ல வெச்சா, டேலி எழுதற நேரத்துல டிரைவ் அதே ஃபைலை புடிச்சு மேல ஏத்தப் பாக்கும், ரெண்டும் முட்டிக்கும். வீட்டுல ஒரு லேப்டாப்புலயும் அதே அக்கவுண்ட் இருந்து அங்கயும் யாராவது டேலியை தொறந்தா கதையே கந்தல், ஒரே ஃபைலுக்கு ரெண்டு வெர்ஷன் வந்து எது நெஜம்னு யாருக்கும் தெரியாது. ஆல்ட் ஒய்ல எடுத்த பேக்கப் ஃபைலை டிரைவ்ல போடுங்க, அது ரொம்ப நல்லது.

ராத்திரி தானா எடுக்கற மாதிரி பண்ணித் தர முடியுங்களா? பொண்ணு லீவு போட்டா அன்னிக்கு பேக்கப்பும் லீவு ஆயிடுது.

முடியும். விண்டோஸ்ல டாஸ்க் ஷெட்யூலர்ல ரோபோகாப்பிங்கற, ஃபோல்டரை காப்பி பண்ற கமாண்டை ராத்திரி பதினோரு மணிக்கு வைங்க, ஆனா அதுக்கு முந்தியே எல்லா சீட்டுலயும் டேலி மூடி இருக்கணும், காரணம் மேல சொன்னதுதான். ரிமோட்ல வந்து வேலை பாத்துட்டு குளோஸ் பண்ணாம அப்படியே கனெக்‌ஷனை மட்டும் கட் பண்ற ஆளுங்கதான் இதுல வில்லன், செஷன் உள்ள உயிரோடதான் இருக்கும், அதனால பத்தேமுக்காலுக்கு எல்லா செஷனையும் லாகாஃப் பண்ற மாதிரி ஒரு டாஸ்க் சேத்து வைங்க, முன்கூட்டியே அவங்ககிட்ட சொல்லிட்டு.

ரோபோகாப்பில மிர்ருனு ஒரு ஆப்ஷன் இருக்கு. அங்க என்ன இருக்கோ அதே இங்கயும் இருக்கற மாதிரி ஆக்கிடும், அதாவது அங்க யாராவது கம்பெனியை டிலீட் பண்ணினா ராத்திரி இங்கயும் டிலீட் ஆயிடும். கெட்டுப்போனா கெட்டுப்போனது அப்படியே வந்து நல்ல காப்பி மேல உக்காரும். திங்கள், செவ்வாய்னு கிழமைக்கு ஒரு ஃபோல்டர், மாசக் கடைசிக்கு தனியா ஒன்னு, இப்படி வைங்க.

எடுத்த பேக்கப் நல்லா இருக்கான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? சைஸ் பாத்தா போதுமா?

சைஸ் ஒன்னும் சொல்லாது. வேற ஒரு கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணி தொறந்து பாத்தாத்தான் அது பேக்கப், அதுவரைக்கும் அது வெறும் ஃபைலுதான், நான் அப்படித்தான் கணக்கு வெச்சிருக்கேன். அதுக்கு இன்னொரு லைசென்ஸ் வாங்க வேண்டியதில்ல, டேலியை எஜுகேஷனல் மோடுல போட்டாலே ஆச்சு. அதுல மாசத்துல குறிப்பிட்ட சில தேதிக்குத்தான் எண்ட்ரி போட விடும், நமக்கு எண்ட்ரியே போட வேணாமே, பாக்கறதுக்குத்தானே.

பாக்கறதுன்னா, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு ஒரு ரிப்போர்ட் இருக்கு, சேல்ஸ் எத்தனை, பர்சேஸ் எத்தனை, ரிசீப்ட் எத்தனைன்னு வவுச்சர் வாரியா எண்ணிக்கை காட்டும். பழைய சர்வர்ல அதை பிரிண்ட் எடுங்க, இங்க எடுத்ததையும் பக்கத்துல வைங்க. அப்புறம் டிரையல் பேலன்ஸ் மொத்தம், குளோசிங் ஸ்டாக் மதிப்பு, ஒவ்வொரு பில் சீரிஸ்லயும் கடைசி நம்பர். நாலும் ஒத்துப்போனா நிம்மதியா தூங்கலாம்.

முக்கியமா, இந்த டெஸ்ட்டை ஓடிட்டு இருக்கற டேட்டா ஃபோல்டர்ல பண்ணிடாதீங்க. அதே கம்பெனி அங்க இருந்தா ரீஸ்டோர் அது மேலயே எழுதிடும், போன வாரத்து கணக்கு வந்து இன்னிக்கு கணக்கை முழுங்கிரும்.

சர்வர் மாத்த எந்த நாள் நல்ல நாளுங்க?

ராகு காலம் நீங்க பாத்துக்கோங்க, நான் சொல்றது வேற காலம். 7ம் தேதி டிடிஎஸ் கட்டணும், 11ம் தேதி ஜிஎஸ்டிஆர் ஒன்னு (விற்பனை ரிட்டர்ன்), 20ம் தேதி ஜிஎஸ்டிஆர் த்ரீபி (வரி கட்டற ரிட்டர்ன்). இந்த மூனுக்கும் முந்தின ரெண்டு நாள் பக்கமே வராதீங்க. 20 தாண்டின ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமை பூரா கையில இருக்கும். மார்ச் கடைசி வாரம் கேட்டீங்கன்னா போனை எடுக்கவே மாட்டேன்.

லைசென்ஸ் புது சர்வருக்கு தானா வந்துருமா?

வராது. பழைய சர்வர்ல எஃப் ஒன், செட்டிங்ஸ், லைசென்ஸ்னு போயி அதை சரண்டர் பண்ணணும், அதாவது திருப்பிக் குடுக்கணும், அப்புறம் புதுசுல அதே சீரியல் நம்பரை போட்டு ஆக்டிவேட் பண்ணணும். இன்டர்நெட் வேணும், அட்மின் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் வேணும். இங்கதான் வண்டி நிக்கும், ஏன்னா அந்த மெயில் ஐடி மூனு வருஷத்துக்கு முந்தி வேலையை விட்டுப் போன அக்கவுண்டன்டோட சொந்த ஜிமெயிலா இருக்கும். அவரு இப்ப எங்கயோ வேற கம்பெனில இருப்பாரு, போன் பண்ணி ஓடிபி கேக்கணும், அவருக்கு சம்பள பாக்கி வேற நீங்க வெச்சிருப்பீங்க. சர்வர் மாத்தறதுக்கு ஒரு வாரம் முந்தியே லாகின் ஆகுதான்னு பாத்து வைங்க.

கோல்டு (பல பேரு ஒரே நேரத்துல யூஸ் பண்ற) லைசென்ஸா இருந்தா மத்த சீட்டுங்க சர்வர்ல ஓடற டேலி கேட்வே சர்வர்கிட்ட லைசென்ஸ் கேக்கும், வழக்கமா 9999 போர்ட்ல. புது சர்வர் ஃபயர்வால்ல அதை தொறக்கலைன்னா சர்வர்ல மட்டும் டேலி ஜம்முனு ஓடும், சீட்டுல எல்லாம் எஜுகேஷனல் மோடுன்னு காட்டும். உடனே லைசென்ஸ் போச்சுன்னு அலறாதீங்க.

எல்லாம் வந்துருச்சு, ஆனா பில் அடிச்சா லோகோ காணோம், ஹெச்எஸ்என் (சரக்கோட கோடு நம்பர்) காலம் வேற எடத்துல வருது, ஏன்?

பில் ஃபார்மேட் உங்க டேட்டாக்குள்ள இல்ல. யாரோ எழுதிக் குடுத்த டிடிஎல், இல்லைன்னா அதை கம்பைல் பண்ணின டிசிபி ஃபைலு, பழைய சர்வர்ல ஏதோ ஒரு டிரைவ்ல ஏதோ ஒரு ஃபோல்டர்ல கெடக்கும், டேலி.ஐஎன்ஐ ஃபைலை நோட்பேட்ல தொறந்தா பாத் தெரியும். அந்த ஃபைலுங்களை அதே டிரைவ் எழுத்து, அதே ஃபோல்டர் பேருல புது சர்வர்ல போட்டுருங்க, அதிகம் யோசிக்காம வேலை முடியும். சில டிசிபி ஒரு சீரியல் நம்பருக்குன்னே கட்டி வெச்சிருப்பாங்க, எழுதினவரு நம்பரை தேடி வைங்க. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வெச்சிருக்கறவங்க பேப்பர் சைஸை புது சர்வர்ல திரும்ப செட் பண்ணணும், அச்சடிச்ச பில் பேப்பர்ல ஒரு வரி எறங்கினாலும் தொகை போயி கையெழுத்து எடத்துல உக்காந்துக்கும்.

பழசுல டேலி ஈஆர்பி நைன் (பிரைமுக்கு முந்தின டேலி) இருக்கு, புதுசுல புது டேலிபிரைம் போட்டிருக்கேன். டேட்டா அப்படியே தொறக்குமா?

தொறக்கறதுக்கு முந்தி மைக்ரேட் பண்ணவான்னு கேக்கும். ஈஆர்பி நைன்ல ஃபைலுங்க .900ல முடியும், பிரைம் 3.0ல இருந்து .1800ல முடியும், அதனால எந்தக் காலத்து டேட்டான்னு ஃபோல்டரை பாத்தே சொல்லிரலாம். மைக்ரேட் பண்ணினதை திரும்ப பழைய டேலில தொறக்க முடியாது, ஒருவழிப் பாதை. ஆடிட்டர் ஆபீஸ்ல என்ன ரிலீஸ் வெச்சிருக்காங்கன்னு மொதல்ல கேளுங்க, நீங்க ஏத்திட்டு அவங்ககிட்ட குடுத்தா தொறக்காது. சர்வர் மாத்தற அன்னிக்கே வெர்ஷனும் மாத்தாதீங்க, ஏதாவது தப்பா போனா சர்வரால ஆச்சா வெர்ஷனால ஆச்சான்னு கண்டுபிடிக்க முடியாது.

புது சர்வர் போட்டு ரெண்டு நாள் ஆச்சு, ஆனா ஒரு பொண்ணு பழைய சர்வர்லயே பில் போட்டுட்டு இருந்திருக்கு! இப்ப என்ன பண்றது?

இது எனக்கே நடந்துருக்கு, தப்பும் என்னோடதுதான். பழைய சர்வரை ஆஃப் பண்ணாம இருக்கட்டும்னு விட்டுட்டேன், பேக்கிங் செக்‌ஷன்ல இருந்த ஒரு கம்ப்யூட்டர்ல ஷார்ட்கட் மாத்த மறந்துட்டேன். திங்கள், செவ்வாய் ரெண்டு நாள்ல அங்க 41 பில்லு, அதே நம்பருங்கள்ல ஆபீஸ்ல புது சர்வர்ல வேற பில்லு. ரெண்டுமே பார்ட்டி கைக்குப் போயாச்சு, லாரியும் ஏறியாச்சு.

டே புக்ல அந்த ரெண்டு நாளை மட்டும் எக்ஸ்எம்எல்லா (டேட்டாவை டெக்ஸ்ட்டா எழுதற ஃபைல்) எக்ஸ்போர்ட் பண்ணி புதுசுல இம்போர்ட் பண்ணலாம், அதுக்கு முந்தி புதுசா தொறந்த லெட்ஜர், ஐட்டம் மாஸ்டர் எல்லாம் போகணும். ஆனா ஆட்டோ நம்பரிங் இருந்தா இம்போர்ட் ஆகறப்போ பில் நம்பர் மாறிப்போகும், ஜிஎஸ்டில ஒரு வருஷத்துக்குள்ள ஒரு நம்பர் ஒரு பில்லுக்குத்தான். நாங்க கடைசில அந்த 41க்கும் தனி சீரிஸ் போட்டு, பார்ட்டிகளுக்கு போன் பண்ணி மாத்து பில் குடுத்தோம். அவங்க பர்சேஸ் டிபார்ட்மென்ட் ஆளுங்ககிட்ட வாங்கின திட்டு தனி. அன்னில இருந்து புது சர்வர் ஏறின நிமிஷமே பழசுல இருந்து நெட்வொர்க் கேபிளை புடுங்கி பையில போட்டுக்கறேன்.

டேலிவால்ட் (கம்பெனி டேட்டாவை பூட்டி வெக்கற வசதி) பாஸ்வேர்ட் மறந்துட்டோம், பேக்கப்ல இருந்து எடுத்துக்கலாமா?

முடியாது. வால்ட் போட்ட டேட்டா பூட்டோடதான் பேக்கப் ஆகும், டேலிகாரங்களாலயே தொறக்க முடியாது. சர்வர்ல ஏற்கனவே ஒருத்தரு தொறந்து வெச்சிருந்தா மூட விடாதீங்க, ரிப்போர்ட் எல்லாத்தையும் அங்கயே எக்ஸ்போர்ட் பண்ணிக்கோங்க. தொறந்து தர்றேன்னு காசு கேக்கறவங்ககிட்ட டேட்டாவை குடுத்துடாதீங்க.

ஆடிட்டரு தினமும் பேக்கப் வேணும், அதுவும் இந்தியாவுக்குள்ளங்கறாரு. மெரட்டறாரா?

பிரைவேட் லிமிடெட்டா இருந்தா அவரு சொல்றது சரி. கம்பெனி கணக்கு விதிகள்ல மூனாவது விதி, 2022ல திருத்தினப்போ தினசரின்னே எழுதிட்டாங்க, அந்த பேக்கப் இருக்கற சர்வர் இந்தியாவுக்குள்ள இருக்கணும். அதே விதில 2023 ஏப்ரல் 1ல இருந்து எடிட் லாக் (யாரு எதை எப்ப திருத்தினாங்கங்கற பதிவு) அணைக்க முடியாத சாஃப்ட்வேர்தான் வெச்சிருக்கணும். புரொப்ரைட்டர், பார்ட்னர்ஷிப்புக்கு இந்த கம்பெனி விதி வராது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. ஃபோல்டராவோ பேக்கப்பாவோ கொண்டுபோனா எடிட் லாக்கும் கூடவே வரும், ஏன்னா அது டேட்டாவோட ஒட்டினது. மேல சொன்ன எக்ஸ்எம்எல் வழியா புது கம்பெனி தொறந்து ஏத்தினா பழைய திருத்த வரலாறு வராது. அப்படி பண்ண வேண்டி வந்தா பழைய கம்பெனியை தனியா பத்திரமா வெச்சிருக்கணும்.

எங்களது டேலி இல்லீங்க, எஸ்க்யூஎல் சர்வர்ல ஓடற ஈஆர்பி. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

நாள் பாக்கறது, ரீஸ்டோர் பண்ணி சரிபாக்கறது, கேபிள் புடுங்கறது எல்லாம் அப்படியே. வித்தியாசம் என்னன்னா இங்க எல்லாரும் வேலை பாத்துட்டு இருக்கறப்பவே பேக்கப் எடுக்கலாம், எஸ்க்யூஎல் அதுக்குன்னே கட்டினது. ஆனா டேட்டாபேஸ் இருக்கற எம்டிஎஃப் ஃபைலை விண்டோஸ்ல காப்பி பண்ண முயற்சி பண்ணாதீங்க, சர்வீஸ் ஓடறப்போ விடவே விடாது.

டேட்டாபேஸ் பேக்கப்ல வராதது நாலு. லாகின் பாஸ்வேர்ட், ராத்திரி ஓடற ஜாப், லிங்க்டு சர்வர், டிடிஈ (டேட்டாபேஸை பூட்டி வெக்கற என்க்ரிப்ஷன்) போட்டிருந்தா அதோட சர்டிஃபிகேட். லாகினை திரும்ப கையால உண்டாக்கினா பேரு ஒன்னா இருந்தாலும் உள்ள இருக்கற எஸ்ஐடிங்கற அடையாள நம்பர் வேற, ஈஆர்பி உள்ள விடாது. சர்டிஃபிகேட் இல்லாம டிடிஈ பேக்கப்பும் வால்ட் பாஸ்வேர்ட் மறந்த கதைதான். புது வெர்ஷன்ல எடுத்த பேக்கப்பை பழைய வெர்ஷன்ல ரீஸ்டோர் பண்ண முடியாது, அதனால புது சர்வர்ல ஒரு நாள் வேலை பாத்துட்டு "பிடிக்கல, திரும்பிப் போலாம்"னா அந்த ஒரு நாள் கணக்கு அங்கயே நின்னுக்கும்.

டேட்டாபேஸ் 300 ஜிபி, ஞாயித்துக்கிழமையும் டிஸ்பேட்ச் இருக்கு, ரெண்டு மணி நேரம்தான் நிறுத்த விடுவாங்க. எப்படி?

வெள்ளிக்கிழமையே ஃபுல் பேக்கப்பை புது சர்வர்ல நோரெக்கவரி போட்டு ரீஸ்டோர் பண்ணி வைங்க, அது பாதி தொறந்த மாதிரி காத்துட்டு இருக்கும். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு டிஃபரன்ஷியல் (ஃபுல் பேக்கப்புக்கு அப்புறம் மாறினது) மட்டும் எடுத்து ஏத்தி ரெக்கவரி குடுங்க. சின்னதா இருக்கும், சீக்கிரம் முடியும்.

ஒருத்தரு இதையெல்லாம் சரியா பண்ணியும் ஞாயித்துக்கிழமை டிஃபரன்ஷியல் ஏறவே மாட்டேன்னுது. என்னடான்னு பாத்தா சனிக்கிழமை ஈஆர்பி கம்பெனி ஆளு டெஸ்ட்டுக்குன்னு ஒரு ஃபுல் பேக்கப் எடுத்துட்டுப் போயிருக்காரு, அதுல இருந்து டிஃபரன்ஷியல் அந்த சனிக்கிழமை பேக்கப்பைத்தான் அடிப்படையா எடுத்துக்கும், நம்ம வெள்ளிக்கிழமை ஒன்னு செல்லாது. நடுவுல யாராவது எடுக்கணும்னா காப்பி ஒன்லின்னு போட்டு எடுக்கச் சொல்லுங்க, அது அடிப்படையை தொடாது.

பழைய சர்வரை எப்ப எடைக்குப் போடலாம்?

கம்பெனிச் சட்டம் எட்டு வருஷ கணக்கை வெச்சிருக்கச் சொல்லுது, ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன் கடைசி தேதில இருந்து 72 மாசம். அதுக்காக பெட்டியையே வெச்சிருக்க வேணாம், கணக்கு இருந்தா போதும். நான் ஒரு மாசக் கடைசி முடிஞ்சு த்ரீபி ஃபைல் பண்ற வரைக்கும் அசைக்க விடமாட்டேன், அதுக்கப்புறம் ஹார்டுடிஸ்க்கை மட்டும் கழட்டி, தேதியும் கம்பெனி நம்பரும் மார்க்கர்ல எழுதி, சில்லுனு ஈரம் படாத பீரோல வைங்க. மிச்ச பெட்டி போகட்டும். டிஸ்க்கோட சேத்து காயலான் கடைக்கு குடுத்தீங்கன்னா உங்க பார்ட்டி லிஸ்ட்டும் ரேட்டும் சேந்துதான் போகும்.